தன்னைத் தானே எழுப்பும் பொறி

மாலையிற் கல்லூரி கலைந்தபின் வகுப்பறைக் கரும்பலகை துடைக்கப்படுகின்றது. அன்று அதன்மீது எழுதப்பெற்ற கேத்திரகணிதமும் இலக்கணமும் துணியின் இரண்டொரு வீச்சில் மறைந்துபோகின்றன. மறுநாட் காலையில் ஆசிரியர் வருகின்றார். தமது கையிலுள்ள நூலைத் திறக்கின்றார். பாடத்தை மீண்டும் பலகையில் எழுதுகின்றார். பலகை தானாக எதனையும் எழுதிக்கொள்வதில்லை. ஆசிரியர் வாராவிடின் அது நாள் முழுவதும் வெறுமையாகவே கிடக்கும்.

இனி, ஆசிரியரே இல்லாத ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்வோம். பலகை வெறுமையாக உள்ளது. அலுமாரியில் நூல் உள்ளது. நூலை எடுத்துப் பலகையில் எழுதுக என்று சொல்வார் எவருமிலர். அவ்வாறு எழுதுக என்னும் கட்டளைதானும் அந்நூலுக்குள்ளேயே இருக்கின்றது. இவ்வகுப்பிற் பாடம் எங்ஙனம் தொடங்கும்? விடுகதைபோலத் தோன்றும் இவ்வினாவிற்கு, மின்னோட்டம் கிடைத்த கணத்தில் ஒவ்வோர் இலத்திரனியற் செயலியும் விடை கண்டாக வேண்டும். அவ்விடையை ஒரு குறித்த செயலியை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமிக்ஞைச் செயலி என்பது யாது?

நாம் பேசும்போது காற்றில் அதிர்வுகள் எழுகின்றன. ஒலிவாங்கி அவற்றை மின்னழுத்த ஏற்றவிறக்கங்களாக மாற்றுகின்றது. அவ்வேற்றவிறக்கங்களை ஒழுங்கான இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதிவிட்டால், ஒலியை எண்களின் தொடராகக் கையாள முடியும். தொலைபேசியில் ஒரு செக்கனுக்கு 8,000 அளவீடுகளும், இசைத்தட்டுகளில் 44,100 அளவீடுகளும் எடுக்கப்படுகின்றன. இரைச்சலை நீக்குவதாயினும், மெல்லிய ஒலியைப் பெருக்குவதாயினும், எதிரொலியை அழிப்பதாயினும், செய்யவேண்டிய கணிதம் பெரும்பாலும் ஒன்றே: ஓரெண்ணை ஒரு மாறிலியாற் பெருக்குதல், பெருக்கத்தை முன்னைய கூட்டுத்தொகையோடு சேர்த்தல், இதனை இடையறாது செய்தல்.

சாதாரணச் செயலி ஒன்று இதனைச் செய்யாதென்பதன்று. அடுத்த அளவீடு வந்து சேருமுன் செய்து முடிக்குமா என்பதே கேள்வி. ஆகவே, பெருக்கலையும் கூட்டலையும் மின்னல் வேகத்திற் செய்தற்கென்றே தனியாக வகுக்கப்பெற்ற செயலிகள் 1980களின் தொடக்கத்தில் எழுந்தன. அவையே இலக்கமுறைச் சமிக்ஞைச் செயலிகள். அமெரிக்காவின் ரெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனம் அக்காலத்தில் வெளியிட்ட ரி.எம்.எஸ். 32010 என்னும் செயலி ஒரு பெருக்கலை 200 நனோசெக்கனில் முடித்தது. இன்று செவிப்புலக் கருவி, கைத்தொலைபேசி, கழியொலி அலகிடும் மருத்துவப் பொறி முதலியவற்றுள் இவ்வினச் செயலிகள் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருக்கின்றன.

நாம் இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது அதே நிறுவனத்தின் ரி.எம்.எஸ். 320 சி 6713 என்பதாகும். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் எண்ணிறந்த மாணவர்கள் சமிக்ஞைக் கணிதத்தைப் பயின்றது இச்செயலி பொருத்திய பயிற்சிப் பலகையிலேயாம். அப்பலகையில் இச்செயலி ஒரு செக்கனுக்கு 225 மில்லியன் கடிகாரத் துடிப்புகளோடு இயங்குகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் எட்டு அறிவுறுத்தல்களை ஒருங்கே நிறைவேற்ற வல்லது. ஆயினும், மின்னோட்டம் கிடைத்த கணத்தில் இப்பேராற்றல் படைத்த செயலிக்குத் தான் செய்யவேண்டியது இன்னதென்று ஒரு சொல்லும் தெரியாது.

கரும்பலகையும் ஏடும்

இதற்குக் காரணம் நினைவகங்களின் இயல்பாகும். செயலியினுள்ளே 256 கிலோபைற்று அளவான விரைவு நினைவகம் உண்டு. அது கரும்பலகை போன்றது; எழுதவும் எளிது, படிக்கவும் எளிது, மின் நின்றதும் துடைக்கப்பட்டுவிடும். செயலிக்கு வெளியே அதே பலகையிற் பொருத்தப்பட்டுள்ள 16 மெகாபைற்று நினைவகமும் மின் நின்றால் மறந்துவிடும் இனத்தைச் சேர்ந்ததே. அதிலுள்ள ஒவ்வொரு பிற்றும் ஒரு நுண்ணிய மின்கொள்ளளவியில் தேக்கிய ஏற்றமாதலின், மின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதனைச் செக்கனுக்குப் பன்முறை புதுப்பித்தபடி இருத்தல் வேண்டும்.

மறவாதது பிளாஷ் நினைவகம் ஒன்றே. அதனைப் பனையோலை ஏட்டிற்கு ஒப்பிடலாம். இதன் அடிப்படையான மிதக்கும் வாயில் என்னும் அமைப்பை 1967 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவொன் காங், சைமன் சே ஆகிய இருவரும் வெளியிட்டனர். ஒரு திரான்சிற்றருள், எப்பக்கமும் காவலியாற் சூழப்பட்ட சிறு கடத்தித் துண்டு ஒன்று புதைந்திருக்கின்றது. அதனுள் இலத்திரன்களைப் புகுத்திவிட்டால் அவை வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்காகச் சிறைப்பட்டிருக்கும். இலத்திரன்கள் உள்ளனவாயின் பூச்சியம் எனவும், இல்லையாயின் ஒன்று எனவும் படிக்கப்படும். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த பூஜியோ மசுவோக்கா, ஒரு பெருந்தொகுதியை ஒரே முறையில் அழிக்கக்கூடிய நினைவகத்தை 1984 இல் உலகுக்கு அறிவித்தார். புகைப்படக் கருவியின் ஒளிவீச்சுப்போல ஒரு கணத்தில் அழிவதால் அதற்குப் பிளாஷ் என்னும் பெயர் வாய்த்தது.

ஏட்டில் எழுத்தாணியாற் கீறியதைப் பின்னர் அழித்தெழுத முடியாது. பிழை நேரின் ஓலையையே மாற்றவேண்டும். பிளாஷ் நினைவகமும் ஏறத்தாழ அத்தகையதே. ஒன்றைப் பூச்சியமாக்கலாம், பூச்சியத்தைத் தனித்து ஒன்றாக்க முடியாது. அதற்கு அந்தப் பிற்று அடங்கிய பகுதி முழுவதையும் அழித்து, யாவற்றையும் ஒன்றாக்கிய பின்னரே புதிதாக எழுதவேண்டும். அன்றியும், தவறுதலாக எழுதப்படாதிருக்கும்பொருட்டு ஒரு காவலும் உண்டு. ஒரு குறித்த முகவரியில் 10101010 என்னும் பைற்றையும், வேறொரு முகவரியில் 01010101 என்னும் பைற்றையும் முறைப்படி அனுப்பி, அதன்பின் எழுதுக என்னும் கட்டளையையும் கொடுத்தாலன்றி இவ்வினச் சில்லு எதனையும் ஏற்றுக்கொள்வதில்லை. தெரிந்தவர் மட்டும் தட்டும் முறையில் தட்டினாலே திறக்கும் கதவுபோன்றது இது.

ஏட்டிலிருந்தே படித்தால் என்ன?

பிளாஷ் நினைவகம் மறவாதது எனின், நிரலை அங்கேயே வைத்து அங்கிருந்தே ஒவ்வோர் அறிவுறுத்தலாகப் படித்து நிறைவேற்றினால் என்ன என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. விடை ஒரு சிறு கணக்கில் உள்ளது. செயலியின் ஒரு கடிகாரத் துடிப்பு ஏறத்தாழ 4.4 நனோசெக்கன். பிளாஷ் நினைவகத்தில் ஒருமுறை படிக்க 70 நனோசெக்கன் செல்கின்றது எனக் கொள்வோம். ஓர் அறிவுறுத்தலின் நீளம் 32 பிற்றுகள். எட்டு அறிவுறுத்தல்கள் கொண்ட ஒரு கட்டின் நீளம் 256 பிற்றுகள், அதாவது 32 பைற்றுகள். பிளாஷ் சில்லு ஒரு தடவைக்கு ஒரு பைற்றையே தருமாயின், ஒரு கட்டைப் பெற 32 முறை படிக்கவேண்டும்; அதற்குச் செல்வது 2,240 நனோசெக்கன். 4.4 நனோசெக்கனில் முடியவேண்டிய வேலைக்கு ஏறத்தாழ 500 மடங்கு காலம் செல்லும். குதிரையை நத்தையின் பின்னே கட்டியது போலாகும்.

எனவே, நிரல் உறங்குமிடம் பிளாஷ் நினைவகமாயினும், உழைக்குமிடம் விரைவு நினைவகமாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறை மின் வரும்போதும் நிரலை முன்னதிலிருந்து பின்னதற்குப் பெயர்த்து எழுதியாக வேண்டும். அவ்வாறு பெயர்த்தெழுதுவது யார்? அதுவும் ஒரு நிரலே. அந்நிரலை யார் பெயர்த்தெழுதுவது? ஆசிரியரில்லாத வகுப்பறைக்கே மீண்டும் வந்து சேர்ந்துவிட்டோம்.

ஆங்கிலத்தில் இதனைப் பூட்டிங் என வழங்குவர். சப்பாத்தின் பின்புறத்து வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்னும் நகைச்சுவையான கற்பனையிலிருந்து பிறந்த சொல் அது. எவராலும் அவ்வாறு தூக்கிக்கொள்ள முடியாது. செயலியும் உண்மையில் அவ்வாறு செய்வதில்லை. அதனைத் தொடக்கத்தில் தூக்கிவிடும் ஒரு சிறு கை, எழுதப்பட்ட நிரலாக அன்றி, சிலிக்கனிலே செதுக்கப்பட்ட சுற்றாக அமைந்திருக்கின்றது.

முதற் படி: சுற்றின் கை

மின் வந்த தொடக்கத்தில் அழுத்தம் நிலைபெறாது தள்ளாடும். ஆகவே, அழுத்தங்கள் உரிய அளவை எய்தி நிலைக்கும்வரை, காவற் சுற்று ஒன்று செயலியின் மீளமைப்பு முனையைத் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கின்றது. அதுவரை செயலி கட்டுண்டு கிடக்கும். அந்த முனை உயர்த்தப்படும் கணத்தில், தொடங்கும் முறையை அறியச் செயலி தனது இரு முனைகளைப் பார்க்கின்றது. அவ்விரு முனைகளிலும் மின்னழுத்தம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்குமாறு பலகையை அமைத்தவர் முன்னரே தடையிகளாற் கட்டிவைத்திருப்பார். இரு முனைகளுக்கு நான்கு நிலைகள். ஒரு நிலை, வேறொரு கணினி வந்து நிரலைத் தரும்வரை காத்திரு என்பது. ஏனைய மூன்றும், வெளியிலுள்ள நினைவகத்திலிருந்து தொடங்கு, அதன் அகலம் 8 பிற்று, அல்லது 16 பிற்று, அல்லது 32 பிற்று என்பன. தொடங்கும் முறைபற்றிச் செயலி இவற்றிலிருந்து அறிந்துகொள்வது இவ்வளவே.

வெளி நினைவகத்திலிருந்து தொடங்குமாறு கூறப்பட்டதாயின், செயலியின் மூளைப்பகுதி இன்னும் துயிலிலே வைக்கப்படுகின்றது. அதன் அருகே உள்ள தரவுப் பெயர்ப்புச் சுற்று மட்டும் விழிக்கின்றது. பிளாஷ் நினைவகத்தின் தொடக்கத்திலுள்ள 1,024 பைற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, அவற்றை 32 பிற்றுச் சொற்களாகச் சேர்த்து, உள் நினைவகத்தின் பூச்சியமாம் முகவரியிலிருந்து வரிசையாக எழுதுகின்றது. வெளியே இருக்கும் சில்லு எவ்வளவு விரைவானது என்பதை அச்சுற்று அறியாது. ஆகவே, தனக்கு இயன்ற மிக மெதுவான நடையிலே படிக்கின்றது. அறியாதவிடத்து நிதானமாக நடத்தல் பொறிக்கும் நன்றே.

பெயர்த்து முடிந்ததும் மூளைப்பகுதி விடுவிக்கப்படுகின்றது. அது பூச்சியமாம் முகவரியிலுள்ள அறிவுறுத்தலை எடுத்து நிறைவேற்றத் தொடங்குகின்றது. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெயர்க்கப்பட்டவை பொருளுள்ள அறிவுறுத்தல்களோ, வெறும் குப்பையோ என்று அச்சுற்று ஆராய்வதில்லை. எழுதப்படாத வெற்றுச் சில்லாயின், யாவும் ஒன்றாகிய 1,024 பைற்றுகளையும் அதே கடமையுணர்ச்சியோடு பெயர்த்துவிட்டு, நிறைவேற்றுக என்று ஒதுங்கிக்கொள்ளும்.

இரண்டாம் படி: சிறு நிரலின் உழைப்பு

1,024 பைற்று என்பது எத்துணைச் சிறிது என்பதை உணர்தல் நன்று. அது 256 அறிவுறுத்தல்களுக்கே இடந்தரும். எட்டெட்டாகக் கட்டினால் 32 கட்டுகள். தமிழெழுத்துக்களைக் கணினியிற் சேமிக்கும் இன்றைய பெருவழக்கான முறையில், ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் 3 பைற்றுகள் வேண்டும். அக்கணக்கின்படி, வாசகர் இப்பொழுது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு பந்தியைக்கூட முழுமையாக அவ்விடத்தில் அடக்க இயலாது. உண்மையான நிரலோ நூற்றுக்கணக்கான கிலோபைற்றுகளாக விரியக்கூடும். ஆதலின், முதல் 1,024 பைற்றுகளில் வைக்கப்படுவது உண்மையான நிரலன்று. அதனை அழைத்து வருதற்கென எழுதப்பட்ட தூதனாகிய சிறு நிரலேயாகும். அதனை இரண்டாம் ஏற்றி என்பர்.

இத்தூதன் வெறுங்கையோடு வந்தவன். உயர்மொழியில் நிரல் எழுதுவோர் இயல்பாகவே கிடைக்குமென்று எண்ணியிருக்கும் வசதிகள் எவையும் அவனுக்கு இல்லை. இடைக்கால விடைகளை அடுக்கி வைக்கும் அடுக்கு இல்லை. மாறிகளுக்குத் தொடக்கப் பெறுமானங்கள் இல்லை. ஆகவே, இச்சிறு நிரலைப் பெரும்பாலும் அசெம்பிளி மொழியிலே, பதிவகம் பதிவகமாக எண்ணி எழுதுவர். அது செய்யவேண்டிய பணிகளும் முறைமாறாது அமைதல் வேண்டும்.

முதலாவது, கடிகாரம். மீளமைப்பிலிருந்து எழுந்த செயலி, வெளியிலிருந்து வரும் துடிப்பைப் பெருக்காது அவ்வாறே கொண்டு இயங்குகின்றது. பயிற்சிப் பலகையில் அது 50 மெகாஹேர்ட்ஸ். உள்ளேயுள்ள பெருக்குச் சுற்றை அமைத்து, 50 ஐ 9 ஆற் பெருக்கி 450 ஆக்கி, அதனை 2 ஆற் பிரித்து 225 மெகாஹேர்ட்ஸ் பெறவேண்டும். பெருக்குச் சுற்று நிலைபெறும்வரை சற்றுக் காத்திருத்தலும் வேண்டும். அவசரப்பட்டு மாறினால் துடிப்பே தடுமாறும். இரண்டாவது, வெளி நினைவகம். 16 மெகாபைற்று நினைவகத்தை எத்தனை துடிப்பிற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வரிசைகளும் நிரல்களும் எத்தனை என்பவற்றை அதற்குரிய கட்டுப்பாட்டுப் பதிவகங்களில் எழுதவேண்டும். அவை எழுதப்படும்வரை அந்நினைவகம் இருந்தும் இல்லாததே.

மூன்றாவதே பெயர்த்தெழுதுதல். நிரலின் பல பகுதிகளும் பிளாஷ் நினைவகத்தில் ஓர் அட்டவணையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அட்டவணையின் தலைப்பில், யாவும் முடிந்தபின் எம்முகவரிக்குச் செல்லவேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். அதன்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று செய்திகள்: அதன் நீளம், அது சென்று சேரவேண்டிய முகவரி, அதன் உள்ளடக்கம். நீளம் பூச்சியம் என்று வருமிடத்தில் அட்டவணை முடிந்தது. தூதன் ஒவ்வொரு பகுதியாக எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, தலைப்பிற் குறித்த முகவரிக்குத் தாவுகின்றான். அங்கே அடுக்கு அமைக்கப்படுகின்றது. மாறிகள் தம் தொடக்கப் பெறுமானங்களைப் பெறுகின்றன. ஈற்றில் உண்மையான நிரலின் முதல் வரி நிறைவேறுகின்றது. ஒலிவாங்கியிலிருந்து முதல் அளவீடு வருகின்றது. நாம் ஆளியை அழுத்தியதிலிருந்து கண்ணிமைக்கும் நேரமே சென்றிருப்பதாக எமக்குத் தோன்றும்.

இத்துறையில் எமக்கு வியப்பளித்த இன்னொரு செய்தியையும் இங்குக் குறிப்பிடலாம். அனலொக் டிவைசஸ் நிறுவனத்தின் ஷார்க் இனச் செயலிகளில், முதலிற் பெயர்க்கப்படும் சிறு நிரல் 256 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் 48 பிற்று. அது ஏனைய நிரலையெல்லாம் ஏற்றி முடித்தபின், தான் நின்ற இடமும் உண்மை நிரலுக்குரியதே என்பதனால், கடைசி 256 சொற்களைத் தன்மீதே எழுதுவித்துத் தான் மறைந்துபோகின்றது. ஏணியாக நின்று பிறரை ஏற்றிவிட்டுத் தன் சுவடும் தெரியாது ஒழியும் தொண்டு அது.

எமக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் சிலர் கூடி, இச்செயலியைக் கொண்டு பேச்சொலியிலிருந்து மின்விசிறியின் இரைச்சலைப் பிரித்து நீக்கும் சிறு கருவியொன்றை அமைத்தோம். மேசையில் அது செவ்வனே இயங்கியது. நிரலைப் பிளாஷ் நினைவகத்தில் எழுதினோம். எழுதியது பிழையற எழுதப்பட்டுள்ளதா என மீண்டும் படித்து ஒப்பிட்டோம். ஒரு பைற்றும் பிழையில்லை. மறுநாட் கண்காட்சிக்குக் கொண்டுசென்று, கணினியோடு இணைத்த வடத்தைக் கழற்றிவிட்டு மின்னைக் கொடுத்தோம். கருவி வாய் திறக்கவில்லை. மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்து வடத்தை இணைத்தோம், உடனே பேசியது. கழற்றினோம், ஊமையாயிற்று.

மூன்று இரவுகள் சென்றபின்னரே காரணம் புலனாயிற்று. நிரலில் ஒரு பெரும் பகுதியை நாம் வெளி நினைவகத்தில் வைத்திருந்தோம். அந்நினைவகத்தின் கட்டுப்பாட்டுப் பதிவகங்களை எமது சிறு நிரல் அமைக்கவேயில்லை. அப்படியாயின் மேசையில் எவ்வாறு இயங்கியது? பிழைதேடுவதற்கென நாம் இணைத்திருந்த வடத்தின் மறுமுனையிலிருந்த மென்பொருள், ஒவ்வொரு முறையும் செயலியோடு தொடுப்பு ஏற்பட்டவுடன், எம்மைக் கேளாமலே அப்பதிவகங்களை அமைத்து வந்திருக்கின்றது. எமது நிரல் நின்றது தன் காலிலன்று. கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் தோளைப் பற்றியே நின்றது. தோள் விலகியதும் வீழ்ந்தது.

பிழை எம்முடையதே, வடத்தினுடையதோ மென்பொருளினுடையதோ அன்று. அது உதவியது, அவ்வுதவியை நாம் அறியாதிருந்தோம். ஐந்து வரிகள் சேர்த்ததும் கருவி தானாக எழுந்தது. கண்காட்சி முடிந்துவிட்டது. ஆயினும் அன்று கற்ற பாடம் எம்மை விட்டு நீங்கவில்லை: தொடங்கும் பொறி எதனையும் இருக்குமென்று கருதலாகாது, ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படி உண்மையிலே நிறுவியதை மட்டும் நம்பி அடுத்த அடியை வைத்தல் வேண்டும். அதன்பின்னர், வடத்தைக் கழற்றி, மின்னை முற்றாக நிறுத்திச் சற்றுப் பொறுத்து, மீண்டும் கொடுத்துப் பாராத எக்கருவியையும் இயங்குகின்றது என நாம் சொல்வதில்லை.

முன்னோர் கைகள்

இச்சிக்கல் புதியதன்று. 1965 இல் வெளிவந்த பி.டி.பி. 8 என்னும் சிறு கணினியில், தொடக்க நிரல் அழிந்துபோயின் அதனை இயக்குபவரே தம் விரல்களால் மீண்டும் புகுத்தவேண்டும். முகப்பிலுள்ள 12 சாவிகளை மேலுங் கீழுமாக அமைத்து ஒரு சொல். அழுத்தி ஏற்றியபின் அடுத்த சொல். இவ்வாறு புகுத்திய மிகச் சிறு நிரல், துளையிட்ட கடதாசி நாடாவிலிருந்து சற்றுப் பெரிய ஏற்றியைப் படிக்கும். அப்பெரிய ஏற்றி உண்மையான நிரலைப் படிக்கும். சிறியது பெரியதை அழைத்தல் என்னும் ஒழுங்கு அன்றும் இன்றும் ஒன்றே. அன்று மனித விரல் செய்ததை இன்று சிலிக்கனிற் செதுக்கிய சுற்றுச் செய்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

மின் இடையில் நின்றால்

இனி, இவ்வமைப்பின் பெரும் ஆபத்தைப்பற்றிச் சொல்லுதல் வேண்டும். கருவிகள் விற்கப்பட்ட பின்னரும் அவற்றின் நிரல்கள் திருத்தப்படுகின்றன. திருத்திய நிரலை எழுதுமுன் பழையதை அழித்தாக வேண்டும். அழித்த பின்னர், புதியது எழுதி முடியுமுன் மின் நின்றுவிட்டால் நிகழ்வது யாது? மின் மீண்டும் வரும். சுற்று தன் கடமைப்படி முதல் 1,024 பைற்றுகளைப் பெயர்க்கும். அங்கே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கருவி செங்கல்லாகிவிடும். அது நோயாளியின் அருகிலுள்ள கருவியாயினும், ஆளில்லாத மலையுச்சியில் நிறுவிய கருவியாயினும், பிழைதேடும் வடத்தோடு ஒருவர் நேரிற் சென்றாலன்றி அதற்கு உயிரில்லை. 2022 இல் இந்நாட்டில் நாடோறும் பல மணி நேரம் மின் வெட்டப்பட்ட காலத்தை அனுபவித்த எமக்கு, மின் இடையில் நிற்றல் என்பது ஏட்டுச் சுரைக்காயன்று.

இதற்கு அறிஞர் கண்ட வழிகள் எளியவை. ஆயின் ஒழுக்கம் வேண்டுபவை. முதலாவது, தொடக்கத்தில் உள்ள சிறு நிரல் இருக்கும் பகுதியை ஒருபோதும் அழியாதிருத்தல். பிளாஷ் நினைவகம் பகுதி பகுதியாக அழியுமியல்பினதாதலால் இது கைகூடும்; சில சில்லுகளில் தொடக்கப் பகுதியைச் சிறிதாகவே வகுத்து, அதனை எழுதவொண்ணாதவாறு பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. இரண்டாவது, உண்மை நிரலின் இரு பிரதிகளை வைத்திருத்தல். புதியதைப் பழையதன்மேல் எழுதாது வெற்றிடத்தில் எழுதுக. எழுதி முடிந்தபின் கூட்டிச் சரிபார்க்க. சரியாயின், இது நல்லது என்னும் அடையாளத்தை யாவற்றிற்கும் கடைசியாக இடுக. மின் எக்கணத்தில் நின்றாலும், அடையாளம் இடப்படாத பிரதியைச் சிறு நிரல் ஏறெடுத்தும் பாராது பழையதைக் கொண்டு எழுந்துவிடும். கையொப்பம் கடைசியிலேயே இடப்படல் வேண்டும் என்பது எமது முதியோர் உறுதி எழுதும்போது கைக்கொண்ட முறையும் அன்றோ?

இந்நாளிற் பல செயலிகளில் தொடக்கச் சிறு நிரல் செயலியினுள்ளேயே மாற்றமுடியாத நினைவகமாக வார்க்கப்பட்டு வருகின்றது. வெளியேயுள்ள பிளாஷ் சில்லுகளும் அகன்ற தரவுக் கம்பிகளை விடுத்து, பிற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து கம்பிகளிலே அனுப்பும் சிறு சில்லுகளாகிவிட்டன. நிரலை ஏற்றுமுன் அது உரியவராலேயே எழுதப்பட்டதா என மறைகுறிக் கையொப்பத்தைச் சோதிக்கும் செயலிகளும் உள. உருவம் மாறினும் உள்ளுறை மாறவில்லை: எவராலும் மாற்றவொண்ணாத ஒரு சிறு தொடக்கம், அது நம்பத்தகுந்த அடுத்த படியை எழுப்புதல், அதுவே அதனின் பெரியதை எழுப்புதல்.

செவிப்புலக் கருவியை அணிந்த மூதாட்டி ஒருவர் அதிகாலையில் அதனை இயக்கிப் பேரனின் குரலைக் கேட்கின்றார். அக்குரல் அவர் செவியைச் சேருமுன், அழுத்தம் நிலைத்தது, சிறு நிரல் எழுந்தது, கடிகாரம் நிலைபெற்றது, பெருநிரல் இடம்பெயர்ந்தது. இவற்றுள் ஒன்றையும் அவர் அறியார், அறியவேண்டியதும் இல்லை. அறியவேண்டியவர் அதனை அமைப்பவரே. பொறியியல் பயிலப்போகும் எமது மாணவர்கட்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: பெருநிரலின் திறமையைப் பலரும் மெச்சுவர், ஆயினும் அது என்றும் எழுந்து நிற்பது, எவருங் காணாத முதல் 1,024 பைற்றுகளை ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்ததனாலேயாம்.